பழைய உழவியந்திரத்தின் கியர்ப்பெட்டி எண்ணெயும் தூக்கி எண்ணெயும்

(பெரும்போகத்துக்கு முன் நடைபெற்ற கமக்காரர் வகுப்பில் விவசாயப் போதனாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



சிறுபோக நெல் வீடு வந்து சேர்ந்துவிட்டது. இனிப் பெரும்போக மழை விழுந்து நிலம் நனையும்வரை உங்கள் உழவியந்திரங்களுக்குச் சிறிது ஓய்வு உண்டு. இந்த ஓய்வுக் காலத்திற் செய்து முடிக்கவேண்டிய ஒரு வேலையைப் பற்றியே இன்று பேச வந்துள்ளேன். உழவியந்திரத்தின் பின்னுடலில், கியர்ப்பெட்டிக்கும் ஹைட்ரோலிக் தூக்கிக்கும் பொதுவாக உள்ள எண்ணெயை மாற்றுவதே அவ்வேலையாகும்.

எஞ்சின் எண்ணெயை மாற்ற மறப்பவர் உங்களிற் சிலரே. அது கறுத்துப்போவது கண்ணுக்குத் தெரிகின்றது. பின்னாலுள்ள எண்ணெயை எப்பொழுது மாற்றினீர்கள் என்று கேட்டாலோ, "அது குறையவில்லையே தம்பி, பிறகேன் மாற்றுவான்?" என்று மூத்தவர்கள் என்னையே திருப்பிக் கேட்கின்றார்கள். கேள்வி நியாயமானதுபோலத் தோன்றும். ஆயினும், குறையாதிருப்பதே சில வேளைகளிற் கேட்டின் அடையாளமாகும். சீல் தேய்ந்த இடத்தால் எண்ணெய் சிறிது சிறிதாக வெளியே போக, அதே இடத்தால் வயல் நீர் உள்ளே வருமாயின், அளவுகோலில் மட்டம் அப்படியே நிற்கும். உள்ளே நிற்பது எண்ணெய்தானா, எண்ணெயும் நீரும் கலந்த ஒன்றா என்பதை அளவுகோல் சொல்லாது.

நான் சொல்லப்போவன யாவும் நம் பகுதியிற் பலரிடமுள்ள மாசி பெர்குசன் 35, 135 ஆகிய நான்கு சில்லு உழவியந்திரங்களை மனத்திற் கொண்டு சொல்லப்படுவன. 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் கொவென்றி நகரிற் செய்யப்பட்ட சாம்பல் நிறச் சிறிய பெர்குசனும், 1960ஆம் ஆண்டு சென்னையில் தொடங்கப்பட்ட டாபே நிறுவனம் மாசி பெர்குசன் அமைப்பிற் செய்த உழவியந்திரங்களும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை. வேறு வகை வைத்திருப்போர் தத்தம் இயந்திரத்தின் கைந்நூலைப் பார்த்து, கியருக்கும் தூக்கிக்கும் எண்ணெய் ஒன்றா, வெவ்வேறா என்பதை முதலில் நிச்சயித்துக் கொள்க. இரண்டு சில்லு உழவியந்திரத்தில் இத்தகைய தூக்கி இல்லை. எனினும் அதன் கியர்ப்பெட்டியிலும் சேற்று நீர் புகுவதுண்டாகையால், நீரைப் பற்றி நான் சொல்வது அவர்களுக்கும் பொருந்தும்.

இனி, உள்ளே நடப்பதைச் சிறிது விளங்கிக் கொள்வோம். கிளச்சுக்குப் பின்னால் முதலில் கியர்ப்பெட்டி, அடுத்து நடுப்பெட்டி, கடைசியிற் பின் அச்சின் பெரும் பற்சக்கரங்கள் என மூன்று அறைகள் ஒன்றன்பின் ஒன்றாக உள்ளன. இம்மூன்றினூடும் ஒரே எண்ணெய்தான் போய் வருகின்றது. நடுப்பெட்டியின் அடியில், அந்த எண்ணெயினுள்ளேயே மூழ்கியபடி, தூக்கியின் பம்பி இருக்கின்றது. நான்கு சிறிய பிஸ்டன்கள் கொண்ட அப்பம்பி, எண்ணெயை உறிஞ்சி, தூக்கியின் உருளைக்குள் அழுத்தி, உங்கள் கலப்பையை மேலே தூக்குகின்றது. கலப்பையை ஏற்றவும் இறக்கவும் நீங்கள் அசைக்கும் கோல், பம்பிக்குள் எண்ணெய் செல்லும் வழியிலுள்ள ஒரு சிறு வால்வையே திறந்து மூடுகின்றது. மயிரிழை இடைவெளியில் நகரும் அவ்வால்வு துருப்பிடித்தாலும், அதிற் பசைபோன்ற அழுக்கு ஒட்டினாலும், தூக்கி சொன்னபடி கேளாது.

ஆகவே, இந்த எண்ணெய்க்கு இரண்டு தொழில்கள் உண்டு. பற்சக்கரங்கள் ஒன்றோடொன்று உராய்ந்து தேயாமற் காக்கவும் வேண்டும். நுண்ணிய துவாரங்களினூடு ஓடிப் பாரத்தைத் தூக்கவும் வேண்டும். முன்னதற்குத் தடிப்பு வேண்டும். பின்னதற்கு இலகுவாக ஓடும் தன்மை வேண்டும். தனிக் கியர்ப்பெட்டிக்கு எந்த எண்ணெயை ஊற்றினாலும் ஏதோ ஓடும் என்ற எண்ணம் இங்கே பிழைத்துப்போவது இதனாலேதான்.

நம் நாட்டிற் பழைய உழவியந்திரத்தின் பின்னுடலைக் கெடுக்கும் பெரும் பகை நீரேயென்பது என் கருத்து. ஐரோப்பியக் கைந்நூல்கள் வரண்ட நிலத்தில் உழும் இயந்திரத்தை நினைந்து எழுதப்பட்டவை. நாமோ இரும்புச் சில்லைப் பூட்டி, அச்சளவு சேற்றில் இறக்கி, பலகையடிக்கின்றோம். ரொட்டவேற்றர் பூட்டியவிடத்துப் பின்னாலுள்ள பி.ரி.ஓ. தண்டு சேற்று நீரினுள்ளேயே சுழலுகின்றது. அத்தண்டைச் சுற்றியுள்ள சீலின் உதட்டை மணல் அராவிவிட்டால், எண்ணெய் வெளியேறும் வழியே நீர் உட்புகும் வழியுமாகும். ரொட்டவேற்றர் இல்லாத வேளைகளில் தண்டின்மேல் இருக்கவேண்டிய மூடி எத்தனை இயந்திரங்களில் இருக்கின்றது என்று வெளியே நிற்பவற்றைப் பார்த்தேன். பாதிக்கு மேலானவற்றில் இல்லை.

இரண்டாவது வழி மேலே இருக்கின்றது. கியர்க்கோலின் அடியிலுள்ள இறப்பர் உறை வெயிலில் வெடித்துக் கிழிந்துவிடும். மழைக்காலத்தில் இயந்திரம் முற்றத்தில் வெறுமையாக நிற்க, இரவு முழுதும் பெய்யும் மழை அக்கிழிசலினூடாக நேரே கியர்ப்பெட்டிக்குள் இறங்கும். வேலை முடிந்ததும் வாய்க்காலுக்குள் இறக்கி வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவுவோரும் இதே வழியைத் திறந்து கொடுக்கின்றனர். இந்த உறையின் விலை அற்பமானது. மழை தொடங்குமுன் அதை மாற்றுங்கள். இயந்திரத்தைக் கொட்டிலில் நிறுத்த வசதியில்லாதவர் ஒரு துண்டுப் படங்கையேனும் கியர்க்கோலின்மேற் போட்டுக் கட்டுங்கள்.

மூன்றாவது வழியைச் சிலர் அறியார். ஹைட்ரோலிக்காற் சரிக்கும் பெட்டியை ஏரு ஏற்றவோ மண் ஏற்றவோ அயலவரிடம் இரவல் வாங்குகின்றோம். அப்பெட்டியின் உருளைக்குள் நிற்பது முன்பு அதை இழுத்த இயந்திரத்தின் எண்ணெய். குழாயைப் பூட்டிப் பெட்டியை ஒருமுறை சரித்து இறக்கினால், அவருடைய எண்ணெயும், அதிலுள்ள நீரும், இணைப்பு வாயில் ஒட்டிய மணலும் உங்கள் பம்பிக்கு வந்து சேரும். பூட்டுமுன் இணைப்பின் இரு வாய்களையும் துப்புரவான துணியால் துடைப்பது மிகக் குறைந்த கடமை. இன்னொன்றும் கவனிக்கற்பாலது. பெட்டி மேலே நிற்கும்போது, பின்னுடல் எண்ணெயின் ஒரு பகுதி அதன் உருளைக்குள் போயிருக்கும். அந்த நிலையில் அளவுகோலைப் பார்த்து, குறைந்துவிட்டதே என்று மேலும் ஊற்றினால், பெட்டி இறங்கியதும் மட்டம் மிதமிஞ்சிப்போகும். மிதமிஞ்சிய எண்ணெய் பின் அச்சு வழியே சீல்களைக் கடந்து பிறேக்கின்மேல் வருதல் கூடும். குளக்கட்டிலிருந்து பாரத்தோடு இறங்கும்போது எண்ணெய் பட்ட பிறேக் என்ன செய்யுமென்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

நீர் கலந்திருக்கின்றதா என்று அறிவது கடினமன்று. இயந்திரத்தை மட்டமான நிலத்தில் ஓர் இரவு அசையாது நிறுத்துங்கள். காலையில், ஸ்ராட் செய்யுமுன், அடியிலுள்ள வடிக்கும் நட்டுகளில் மிகத் தாழ்வானதை மெதுவாகத் தளர்த்தி, முதலில் வருவதை ஒரு கண்ணாடிப் போத்தலிற் பிடியுங்கள். நீர் எண்ணெயிலும் பாரமானதாகையால் தனித்து நிற்கும் நீர் முதலில் வரும். வரும் எண்ணெய் தேநீருக்கு ஊற்றும் பால் போலவோ, சாம்பல் கலந்த கூழ் போலவோ இருந்தால், நீர் ஏற்கெனவே எண்ணெயோடு கடைந்து கலந்துவிட்டதென்று கொள்க. அது தானாகப் பிரியாது. நிறத்தால் நிச்சயிக்க முடியாதபோது, நன்றாகச் சுட்ட இரும்புத் தகட்டில் ஒரு துளி எண்ணெயை விட்டுப் பாருங்கள். நீர் இருந்தால் தாளிப்பதுபோல வெடித்துச் சத்தமிடும். துளி தெறிக்குமாதலால் முகத்தைச் சற்று விலக்கி வைத்துக் கொள்ளுங்கள்.

ஆயிரம் மணித்தியால வேலைக்கு ஒருமுறை, அல்லது ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது பொது வழக்கு. ஆனால் பழைய இயந்திரங்களின் மணி காட்டும் கருவி பெரும்பாலும் ஓடுவதில்லை. ஆகையால் ஒவ்வொரு சேற்றுழவின் முடிவிலும் மேற்சொன்ன போத்தற் சோதனையைச் செய்யுங்கள். பால் நிறம் கண்டால் ஆண்டு நிறையும்வரை காத்திராது உடனே மாற்றுங்கள். பால் நிறமான எண்ணெயோடு இயந்திரத்தை மாதக்கணக்கில் ஓய்வாக விடுவது, அதோடு உழுவதிலும் கேடானது. ஓடாமல் நிற்கும் பெயாரிங்குகளிலும் பம்பியின் வால்விலும் துரு பிடிப்பது அப்பொழுதுதான். இந்த ஓய்வுக் காலத்தை நான் தெரிந்தெடுத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

எந்த எண்ணெயை வாங்குவது? கியர், ஹைட்ரோலிக், எண்ணெயில் மூழ்கிய பிறேக் ஆகிய மூன்றுக்கும் பொதுவான உழவியந்திர எண்ணெய் என்று கானின் மேற் குறித்திருப்பதைக் கேட்டு வாங்குங்கள். கடைகளில் அது 'யூ.ரி.ரி.ஓ.' என்னும் பெயரால் அறியப்படும். 10டபிள்யூ-30 என்ற தடிப்பு வகை பொதுவாகக் கிடைக்கும். கைந்நூல் உங்களிடம் இருந்தால், அதிற் சொல்லிய வகையோடு கானிலுள்ள குறிப்பை ஒப்பிட்டுக் கொள்ளுங்கள். லொறிகளின் பின் அச்சுக்கு ஊற்றும் 140 இலக்கத் தடித்த கியர் எண்ணெயை இதற்குள் ஊற்றாதீர்கள். கியரின் சத்தம் குறையும் என்று சிலர் ஊற்றுகின்றார்கள். சத்தம் குறைவது மெய்யே. ஆனால் காலைக் குளிரில் பம்பியால் அதை உறிஞ்ச முடியாது. தூக்கி நடுங்கி நடுங்கி எழும். ஜீ.எல்.-5 என்று குறித்த கியர் எண்ணெய்களையும் தவிர்ப்பது நன்று. அவற்றிற் சேர்க்கப்படும் சில இரசாயனங்கள் பித்தளை, வெண்கலப் பாகங்களை அரிக்கக் கூடும். எஞ்சினிலிருந்து வடித்த பழைய எண்ணெயைப் பின்னுடலுக்கு ஊற்றும் வழக்கத்தைப் பற்றி ஒன்றே சொல்வேன்: எஞ்சின் வேண்டாமென்று கழித்த கரியையும் இரும்புத் தூளையும், இயந்திரத்தின் மிக நுண்ணிய பாகத்துக்கு உணவாகக் கொடுக்கின்றீர்கள்.

அளவு ஏறத்தாழ 30 லீற்றர் பிடிக்கும். வகைக்கு வகை இது கூடிக் குறையும். ஆகவே லீற்றர் கணக்கை நம்பாது அளவுகோலின் குறியையே நம்புங்கள். இவ்வளவு எண்ணெய்க்கு ஆகும் செலவு சிறிதன்று என்பதை நான் அறிவேன். ஒரு போகத்து உழவுக் கூலியிற் கணிசமான பங்கு அதற்குப் போகும். அதனால்தான் மாற்றும் வேலையை அரைகுறையாகச் செய்து எண்ணெயை வீணாக்கக் கூடாதென்கிறேன்.

வேலை செய்யும் முறை இது. இயந்திரத்தை மட்டமான நிலத்தில் நிறுத்தி, அதிலுள்ள கலப்பையைக் கழற்றிவிடுங்கள். போத்தற் சோதனையை முடித்து நட்டை மீண்டும் இறுக்கியபின், அரை மணித்தியாலம் வரை ஓட்டி எண்ணெயைச் சூடாக்குங்கள். சூடான எண்ணெயே அடியிற் படிந்த அழுக்கையும் சேர்த்துக் கொண்டு வெளியேறும். பின்னர் தூக்கும் கைகளை முழுதும் கீழே இறக்கி, உருளைக்குள் இருக்கும் எண்ணெயும் திரும்பி வரச்செய்யுங்கள். எஞ்சினை நிறுத்துங்கள், சில்லுகளுக்குக் கட்டை கொடுங்கள். தூக்கி தாங்கி நிற்கும் எந்தப் பாரத்தின் கீழும் ஒருவரும் புகக்கூடாது. தூக்கிய கலப்பையைத் தாங்குவது எண்ணெய் மாத்திரமே. அந்த எண்ணெயைத்தான் நாம் வடிக்கப் போகின்றோம்.

அடியில் வடிக்கும் நட்டுகள் ஒன்றுக்கு மேல் உண்டு. முன்னே கியர்ப்பெட்டியின் கீழும், நடுப்பெட்டியின் கீழும், பின் அச்சின் கீழும் தேடிப் பார்த்து, உள்ள யாவற்றையும் திறவுங்கள். பின்னதை மாத்திரம் திறந்து, வந்தது போதுமென்று மூடிவிட்டால், முன்னறையின் அழுக்கு எண்ணெய் புதியதோடு கலந்துவிடும். நட்டுகளைச் சுற்றி அப்பிய சேற்றைத் திறக்குமுன் கம்பித் தூரிகையால் அகற்றுங்கள். வடிந்த எண்ணெயில் விரலை விட்டு உரசிப் பாருங்கள். மாவுபோன்ற நுண்ணிய இரும்புப் பசை பழைய இயந்திரத்தில் இருக்கத்தான் செய்யும். அதற்காகப் பயப்பட வேண்டாம். பற்சக்கரத்தின் துண்டோ, பெயாரிங்கின் உடைந்த குண்டோ கிடைத்தால், புதிய எண்ணெயை ஊற்றாது நிறுத்திவிட்டு, விடயமறிந்த திருத்துநரை அழையுங்கள்.

இப்போது, பலரும் விட்டுவிடும் பகுதிக்கு வருகிறேன். பம்பி உறிஞ்சும் வாயில் ஒரு கம்பிச் சல்லடை வடி உண்டு. வகைக்கேற்ப அதைப் பக்கத் தகட்டின் வழியாகவோ அடித் தகட்டின் வழியாகவோ எடுக்கலாம். எண்ணெய் முழுதும் வடிந்திருக்கும் இவ்வேளையே அதைக் கழுவும் வேளை. மண்ணெண்ணெயில் மென்மையான தூரிகை கொண்டு கழுவி, உலர்த்திப் பூட்டுங்கள். பழந்துணியின் நூல் ஒட்டவிடாதீர்கள். தகட்டின் கஸ்கெற்றைப் புதிதாகப் போடுவது நல்லது. பம்பியோடு கட்டுப்பாட்டுக் கம்பிகளும் தொடுத்திருப்பதால், முன்பு செய்து பழகாதவர் இந்த ஒரு பகுதியை மாத்திரம் திருத்துநரிடம் விடலாம். கூலி அதிகம் ஆகாது.

இந்த வடியின் பெறுமதியை விளக்க ஒரு சம்பவம் சொல்லலாம். எங்கள் வட்டாரத்துக் கமக்காரர் ஒருவரின் 135, இரண்டாம் உழவின் நடுவில் கொத்துக்கலப்பையைத் தூக்க மறுத்தது. பம்பி போய்விட்டதென்று ஒருவர் சொல்ல, புதிய பம்பிக்குக் காசு தேட நகை அடைவு வைக்கும் நிலைக்கு அவர் வந்துவிட்டார். திறந்து பார்த்தபோது பம்பியிற் பழுதொன்றுமில்லை. கியர்க்கோலின் கிழிந்த இறப்பர் உறையின் துண்டுகளும், பால் எண்ணெயின் பசையும் சேர்ந்து வடியை மூடியிருந்தன. வடி கழுவி, எண்ணெய் மாற்றியதும் தூக்கி எழுந்தது. ஆயினும் அதற்குள் ஆறு நாள் போயிற்று. பக்கத்து வயல்கள் விதைத்து முடிய, அவருடைய ஏழு ஏக்கருக்கும் தண்ணீர் முறை தவறியது.

ஆகவே, தூக்கி எழவில்லையென்றால் பம்பியைக் கழற்றுமுன் இவ்வொழுங்கிற் பாருங்கள். எண்ணெய் மட்டம் சரிதானா? எண்ணெய் பால் நிறமா? வடி அடைபட்டதா? சாம்பல் நிறச் சிறிய பெர்குசனில், பி.ரி.ஓ. கோல் போடப்பட்டிருக்கின்றதா? அந்த வகையில் அக்கோல் போடாவிட்டால் பம்பி சுழலவே சுழலாது. எஞ்சினை நிறுத்தியதும் கலப்பை மெல்ல மெல்லத் தாழ்ந்தால், அது உருளை வளையத்தின் அல்லது வால்வின் தேய்மானமாக இருக்கலாம். எண்ணெய் மாற்றுவதால் மாத்திரம் அது தீராது. இதை முன்னரே சொல்லி வைக்கிறேன். பிறகு என்னைக் குறை சொல்லக் கூடாது.

கழுவும் விடயத்தில் ஓர் எச்சரிக்கை. பால் எண்ணெய் நின்ற பெட்டிக்குள் மண்ணெண்ணெயையோ டீசலையோ நிரப்பி இயந்திரத்தை ஓட்டிக் கழுவுவோர் உளர். அவை பற்சக்கரங்களுக்கு வேண்டிய எண்ணெய்ப் படலத்தை அழிக்கும். மூலைகளில் எஞ்சி நின்று புதிய எண்ணெயையும் நீர்த்துப்போகச் செய்யும். நீர் மிகுதியாகக் கலந்திருந்தால், அதே வகை எண்ணெயை ஊற்றிப் பாரமில்லாது ஓட்டி, தூக்கியையும் பலமுறை ஏற்றி இறக்கி, மீண்டும் வடித்துப் புதியதை ஊற்றுவதே சரியான முறை. இது இரட்டைச் செலவுதான். நீர் சிறிதளவே கண்டவர் இவ்வாறு செய்ய வேண்டியதில்லை. ஒருமுறை மாற்றி, அடுத்த சேற்றுழவு முடிய மறுபடி சோதித்தாற் போதும்.

நட்டுகளைப் பூட்டும்போது செப்பு வொசர்களைப் பார்த்து, நசுங்கியவற்றை மாற்றுங்கள். நீண்ட குழாயை ஸ்பனரிற் செருகி இறுக்காதீர்கள். பெட்டி வார்ப்பிரும்பாலானது, வெடித்தால் ஒட்டுவது எளிதன்று. எண்ணெய் ஊற்றும் வாயைச் சுற்றி, விசேடமாகச் செம்மண் தோட்டங்களில் உழைக்கும் இயந்திரங்களில், தூசி தடிப்பாகப் படிந்திருக்கும். மூடியைத் திறக்குமுன் துடைத்துவிட்டு ஊற்றுங்கள். எண்ணெய் முன்னறையிலிருந்து பின்னறைக்குப் போய்ச் சேர நேரம் எடுக்கும். ஆதலால் சிறிது சிறிதாக ஊற்றி, அரை மணி பொறுத்து அளவுகோலைப் பாருங்கள். பின்பு ஸ்ராட் செய்து, பாரமில்லாமல் பத்துப் பன்னிரண்டு முறை தூக்கியை ஏற்றி இறக்கி, கைகளைக் கீழே விட்டு, எஞ்சினை நிறுத்தி மறுபடி பார்த்து, குறைந்ததை நிரப்புங்கள்.

எஞ்சின் ஓடும்போது குழாயிலோ இணைப்பிலோ எண்ணெய் கசிவதைக் கண்டால் கையால் தடவித் தேடாதீர்கள். தூக்கியின் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 2000 இறாத்தலுக்கும் மேற்போகும். ஊசித் துவாரத்தால் பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உட்செல்ல வல்லது. காயம் ஊசி குத்தியதுபோலச் சிறிதாகத் தெரிந்தாலும், அன்றே, அந்நேரமே வைத்தியசாலைக்குப் போய், ஹைட்ரோலிக் எண்ணெய் உடலுக்குள் சென்றதென்று சொல்லுங்கள். தாமதித்தால் விரலை, கையை இழக்க நேரிடும். கசிவைத் தேட ஒரு மட்டைத் துண்டைப் பிடித்துப் பார்ப்பது போதும்.

கிளச்சுப் பெட்டியின் அடியில் ஒரு சிறு துவாரமும் அதில் ஆடும் ஒரு பிளவு ஊசியும் உண்டு. சேற்றுழவின்போது நீர் ஏறாதிருக்க அதை அடைப்பவர்கள், உழவு முடிந்ததும் மறவாது திறந்துவிட வேண்டும். அதிலிருந்து எண்ணெய் சொட்டினால், எஞ்சினின் பின் சீலோ கியர்ப்பெட்டியின் முன் சீலோ போய்விட்டதென்று பொருள். மூடி வைத்தால் அந்த எண்ணெய் கிளச்சின்மேற் போகும்.

இனி, வடித்த 30 லீற்றர் பழைய எண்ணெய் இருக்கின்றதே! வரம்பிற் புல் சாக அதை ஊற்றுவதும், மாட்டின் புண்ணுக்குப் பூசுவதும், வாய்க்காலிற் கவிழ்ப்பதும் நம்மிடையே காணப்படுகின்றன. யாழ்ப்பாணக் குடாநாட்டில் நாம் குடிக்கும் கிணற்று நீர், சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளினூடு இறங்கிய மழை நீரே. நிலத்தில் ஊற்றிய எண்ணெயும் அதே வெடிப்புகளினூடு இறங்கும். வன்னியில் வாய்க்காலில் விட்டது அடுத்தவரின் நாற்று மேடையில் மிதக்கும். வெறுங் கானில் ஊற்றி மூடி, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வைத்து, பழைய எண்ணெய் சேர்க்கும் வாகனச் சேவை நிலையத்திற் கொடுத்துவிடுங்கள்.

மாற்றிய திகதியையும் எண்ணெயின் வகையையும் சேற்றுக்காப்பின் உட்புறத்தில் வர்ணத்தால் எழுதி வையுங்கள். இயந்திரத்தைக் கூலிக்கு ஓட்டும் தம்பிமாருக்கும் அது தெரியவேண்டும். இன்னொரு வகை எண்ணெயை அவர்கள் ஊற்றாதிருக்க அது உதவும்.

எண்ணெயின் நிறத்தைப் பற்றி ஐயமுள்ளவர்கள், நான் சொன்னபடி ஓர் இரவு நிறுத்திக் காலையில் எடுத்த எண்ணெயைக் கண்ணாடிப் போத்தலில் அடைத்து, எந்த இயந்திரம் என்று பெயரொட்டி, அடுத்த வகுப்புக்குக் கொண்டு வாருங்கள். தகடும் அடுப்பும் நான் கொண்டு வருவேன்.